61 எழுத்துப் பாயிரம்: மூலமும் உரையும்

"சார், ஜீன் ஆரம்பிக்கறதுக்கு முன்னாடியே ஆர்.என்.ஏ. கொஞ்ச தூரம் ஓடுதே, அதுலேர்ந்து புரதமே வராதே, அது எதுக்கு?" திருவேற்காட்டில் என் வீட்டு மாடிக்கு மாலையில் பாடம் கேட்க வரும் பிளஸ் டூ மாணவி ஒருத்தி கேட்ட கேள்வி இது. பாடப்புத்தகங்கள் அந்தப் பகுதியை ஒரு வரியில் கடந்துவிடுகின்றன. நானும் பல வருடங்கள் அப்படித்தான் கடந்திருக்கிறேன். அவளுக்குப் பதில் சொல்ல உட்கார்ந்தபோது எழுதத் தொடங்கியதுதான் இந்த உரை.

நூலுக்கு முன்னால் நிற்பதைத் தமிழில் பாயிரம் என்கிறோம். பாயிரம் இல்லாத ஒன்றை நூல் என்றே ஏற்கக்கூடாது என்பது நம் இலக்கண ஆசிரியர்களின் கொள்கை. மரபணுவுக்கும் பாயிரம் உண்டு. டி.என்.ஏ.விலிருந்து படியெடுக்கப்படும் தூது ஆர்.என்.ஏ.வில், புரதத்துக்கான செய்தி தொடங்கும் முன்பே பல பத்து எழுத்துகள், சில இடங்களில் இருநூறு எழுத்துகளுக்கு மேல்கூட ஓடும். சில பாக்டீரியாக்களில் அந்தப் பாயிரமே தனக்குப் பின்னால் வரும் நூல் வெளிவரலாமா, நின்றுவிட வேண்டுமா என்று தீர்மானிக்கிறது. அத்தகைய பாயிரத்துக்கு ரைபோஸ்விட்ச் என்று பெயர்.

உரைக்கு நான் எடுத்துக்கொண்ட மூலம் பேசில்லஸ் சப்டிலிஸ் என்ற பாக்டீரியாவினுடையது. மண்ணில் வாழ்வது. வைக்கோல் ஊறிய நீரில் எளிதாகக் கிடைப்பதால் வைக்கோல் பேசில்லஸ் என்றும் சொல்வார்கள். விதைநேர்த்திக்கு நம் உழவர்கள் வாங்கும் நுண்ணுயிர்த் தூள்களில் இதுவும் ஒன்று. இதில் எக்ஸ்.பி.டி., பி.பி.யு.எக்ஸ். என்று அடுத்தடுத்து இரண்டு மரபணுக்கள் உண்டு. முதலாவது, குவானைனுக்கு உறவான சாந்தைனைப் பிடித்து மறுபடி பயன்படுத்தும் நொதிக்கானது. இரண்டாவது, அந்தச் சாந்தைனை வெளியிலிருந்து உள்ளே கொண்டுவரும் புரதத்துக்கானது. இரண்டுக்கும் பொதுவாக முன்னால் நிற்கும் பாயிரத்தின் மையப் பகுதியைக் கீழே தருகிறேன்.

அ என்பது அடினைன், யு என்பது யுராசில், கு என்பது குவானைன், சை என்பது சைட்டோசைன். அடி பிரித்தது நான். இயற்கையில் இது ஒரே தொடர்.

மூலம்

1. சை அ யு அ
2. யு அ அ
3. யு சை கு சை கு யு கு
4. கு அ யு அ யு கு கு
5. சை அ சை கு சை அ அ
6. கு யு யு யு சை யு அ சை
7. சை கு கு கு சை அ
8. சை சை கு யு அ அ அ
9. யு கு யு சை சை கு
10. அ சை
11. யு அ யு கு

இதைப் படிக்க ஓர் இலக்கணம் போதும். அ என்பது யு-வோடு சேரும். கு என்பது சை-யோடு சேரும். சில இடங்களில் கு, யு-வோடும் சேரும். சேரும் இரண்டு இழைகளும் எதிரெதிர்த் திசையில் ஓட வேண்டும். அதாவது ஓரிழையை முன்னிருந்து படித்தால் மற்றதைப் பின்னிருந்து படிக்க வேண்டும்.

"யு சை கு சை கு யு கு … சை அ சை கு சை அ அ"

மூன்றாம் அடியை முன்னிருந்தும் ஐந்தாம் அடியைப் பின்னிருந்தும் வைத்து எழுத்தெழுத்தாகப் பொருத்திப் பாருங்கள். யு–அ சேர்கிறது. அடுத்த சை–அ சேரவில்லை. பிறகு கு–சை, சை–கு, கு–சை, யு–அ, கு–சை என்று ஐந்தும் வரிசையாகச் சேர்கின்றன. ஏழில் ஆறு ஜோடி. ஆகவே இழை நான்காம் அடியில் வளைந்து, தன் மேலேயே மடிந்து கொள்கிறது. ஆங்கிலத்தில் இதைக் கொண்டை ஊசி என்பார்கள். எனக்கு நம்முடைய பழைய சொல்தான் பொருத்தமாகப் படுகிறது. நன்னூல் சொல்லும் எட்டுப் பொருள்கோள்களில் அளைமறிபாப்பு என்று ஒன்று உண்டு. அளை என்றால் புற்று. புற்றுக்குள் நுழைந்த பாம்பு உடலை மடித்துத் தலையைத் திருப்பிக்கொள்வதுபோல, செய்யுளின் கடைசியில் நிற்கும் சொல் இடையிலும் முதலிலும் திரும்பிச் சென்று பொருள் தருவது. கருமாரியம்மன் கோவில் புற்றுக்குப் பால் ஊற்றி வளர்ந்த எங்கள் ஊர்ப் பிள்ளைகளுக்கு இதற்கு மேல் படம் வரைந்து காட்டத் தேவையில்லை. மாணவி உடனே பிடித்துக்கொண்டாள்.

"சை கு கு கு சை அ … யு கு யு சை சை கு"

ஏழாம் அடியும் ஒன்பதாம் அடியும் இதே கதைதான். இங்கே ஆறுக்கு ஆறும் சேரும். நான்காவது ஜோடி மட்டும் கு–யு. எட்டாம் அடி வளைவு.

"கு அ யு அ யு கு கு … சை சை கு யு அ அ அ"

இரண்டு வளைவுகளும் ஜோடி சேராமல் தொங்குகின்றன. வெறும் முனைகள் என்று விட்டுவிடத் தோன்றும். ஆனால் நான்காம் அடியின் கடைசியில் கு கு என்று இரண்டு எழுத்து. எட்டாம் அடியின் தொடக்கத்தில் சை சை என்று இரண்டு எழுத்து. இடையில் 21 எழுத்துத் தொலைவு. அந்த இரண்டும் இந்த இரண்டும் தேடிப் பிடித்துச் சேர்கின்றன. தூரத்தில் கிடக்கும் சொற்களை எடுத்து ஓரிடத்தில் கூட்டிப் பொருள் காண்பதைக் கொண்டுகூட்டு என்கிறோம். இங்கே இழையே தன்னைக் கொண்டுகூட்டிக் கொள்கிறது. இதனால் இரண்டு மடிப்புத் தண்டுகளும் பக்கம் பக்கமாக, இணையாக நிமிர்ந்து நிற்கின்றன. தட்டையாக எழுதிப் படித்த வரி, நீளம் அகலம் உயரம் உள்ள ஒரு பொருளாக மாறுவது இந்த இடத்தில்தான்.

"யு அ அ … கு யு யு யு சை யு அ சை … அ சை"

இந்தப் பாயிரத்தின் உயிர்நிலை இந்த மூன்று அடிகள். தண்டுகளைச் சேர்க்கும் மூன்று இணைப்புத் துண்டுகள் இவை. இவற்றுக்கு நடுவே ஒரு சிறு குழி. 2004-இல் அமெரிக்காவின் கொலராடோ பல்கலைக்கழகத்தில் ராபர்ட் பேட்டியும் உடன் உழைத்தவர்களும் எக்ஸ் கதிர்ப் படிகவியல் மூலம் இந்த வடிவத்தைக் கண்டு நேச்சர் இதழில் வெளியிட்டார்கள். குழிக்குள் உட்கார்ந்திருந்த சிறு மூலக்கூறு (அந்தப் படிகத்தில் அது குவானைனின் நெருங்கிய உறவான ஹைப்போசாந்தைன்) ஏறக்குறைய முழுவதும் ஆர்.என்.ஏ.வால் மூடப்பட்டிருந்தது. உள்ளங்கையில் மூடிய நெல்லிக்காய் போல என்று பிள்ளைகளிடம் சொன்னேன்.

செல்லுக்குள் இந்தக் குழிக்கு உரிய மூலக்கூறு குவானைன். மூலத்தில் கு என்று நாம் படித்துக்கொண்டு வந்தோமே, அதே பொருள். மீன் செதிலின் வெள்ளி மினுமினுப்பு குவானைன் படிகங்களால் வருவது. ஆர்.என்.ஏ.வும் டி.என்.ஏ.வும் செய்ய எல்லா உயிருக்கும் இது வேண்டும். செல்லுக்குள் யாரோடும் சேராமல் தனித்து நீந்தும் ஒரு குவானைன் இந்தக் குழிக்குள் வரும்போது, பத்தாம் அடியின் இரண்டாம் எழுத்தான சை அதைப் பிடித்துக்கொள்கிறது. எந்த இலக்கணத்தால்? கு என்பது சை-யோடு சேரும் என்ற அதே இலக்கணத்தால். ஆறாம் அடியின் ஆறாவது எழுத்தான யு மறுபக்கத்திலிருந்து கைகொடுக்கிறது. இரண்டாம் அடியின் முதல் எழுத்தான யு-வும் தொட்டுக்கொள்கிறது. ஆறாம் அடியில் அடுத்தடுத்து மூன்று யு நிற்கிறதல்லவா, அதில் நடுவில் நிற்பது மட்டும் குழியை விட்டு வெளியே நீரை நோக்கித் திரும்பி நிற்கும்.

இந்த இடத்தில் என் பேனா நின்றுவிட்டது. வெளியிலிருந்து வந்த ஒரு பொருளை இந்த வரி உணர்கிறது என்று மட்டும் சொன்னால் பாதிதான் சொன்னதாகும். வந்தது இந்த மொழியின் எழுத்துகளில் ஒன்று. 61 எழுத்துச் செய்யுளில் ஓரிடம் காலியாக விடப்பட்டிருக்கிறது. 62-ஆவது எழுத்து வந்து அமர்ந்தால்தான் செய்யுள் நிறைவு பெறும். படிக்கப்படுவதற்காக எழுதப்பட்ட வரி, தானே படிக்கவும் செய்கிறது.

எவ்வளவு கூர்மையாகப் படிக்கிறது என்பதற்கு ஓர் அளவு சொல்கிறேன். 5 நானோமோலார் அளவு குவானைன் இருந்தாலே போதும், ஏறத்தாழப் பாதி ஆர்.என்.ஏ. மூலக்கூறுகள் அதைப் பிடித்துவிடும். மொட்டைமாடியில் நிற்கும் 1000 லிட்டர் தண்ணீர்த் தொட்டியில் ஒரு மில்லிகிராமுக்கும் குறைவாகக் குவானைனைக் கலந்தால் கிடைக்கும் செறிவு அது.

"சை அ யு அ … யு அ யு கு"

முதல் அடியும் கடைசி அடியும். சை–கு, அ–யு, யு–அ, அ–யு. நான்கும் சேரும். செய்யுளின் முதலும் ஈறும் இணைந்து பொருள் தருவது பூட்டுவிற் பொருள்கோள். வில்லின் இரு முனைகளையும் நாண் பூட்டி இழுப்பது போல. நான் இங்கே காட்டியது நான்கு ஜோடிதான், முழு ஆர்.என்.ஏ.வில் இந்தத் தண்டு இருபுறமும் இன்னும் சிறிது நீளும். இந்த நாண் தானாக உறுதியாக நிற்பதில்லை. குழிக்குள் குவானைன் வந்து உட்கார்ந்தால்தான் இறுகுகிறது. வராவிட்டால் பதினோராம் அடியின் எழுத்துகள் நழுவிப்போய், தனக்குப் பின்னால் வரும் எழுத்துகளோடு சேர்ந்துகொள்ளும்.

மரபணுவின் தலைவிதி இந்த நழுவலில்தான் இருக்கிறது. பதினோராம் அடிக்குப் பிறகு பாயிரத்தில் இன்னும் ஒரு பகுதி உண்டு. அதன் எழுத்துகளை இங்கே தரவில்லை. அது செய்யும் வேலையை மட்டும் சொல்கிறேன். ஆர்.என்.ஏ.வைப் படியெடுக்கும் நொதி டி.என்.ஏ.வின் மேல் ஓடிக்கொண்டே இருக்கும். ஒரு விநாடிக்குப் பல பத்து எழுத்து வேகம். முன்னால் பிறந்த எழுத்துகள் மடிந்துகொண்டிருக்கும்போதே பின்னால் அடுத்தவை பிறக்கின்றன. குவானைன் இருந்து நாண் இறுகிவிட்டால், பின்பகுதி தனியாக மடிந்து இன்னொரு அளைமறிபாப்பு ஆகும். அதை ஒட்டி யு யு யு என்று வரிசையாக வரும். அந்த அமைப்பு படியெடுப்பை நிறுத்தும் குறி. நொதி அங்கேயே கழன்றுவிடும். நூல் வெளிவராது. குவானைன் தட்டுப்பாடு என்றால் நாண் தளர்ந்து, நிறுத்தற்குறி உருவாகவிடாமல் வேறு மடிப்பு உண்டாகும். நொதி தடையின்றி ஓடி இரண்டு மரபணுக்களையும் படியெடுத்து முடிக்கும். சரக்கு இருப்பில் இருக்கும்போது வாங்க வேண்டாம், தீர்ந்தால் வாங்கு. பாக்டீரியா இதைச் சில விநாடிகளில் முடிவு செய்கிறது. நடுவில் எந்தப் புரதமும் இல்லை.

பாடபேதம்

ஏட்டுச் சுவடிகளை ஒப்பிடும்போது ஓரெழுத்து மாறினால் பொருளே மாறும் இடங்கள் உண்டு. இந்த மூலத்தில் அப்படி ஓரிடம் பத்தாம் அடியின் சை. விப்ரியோ வல்னிஃபிகஸ் என்ற கடல் பாக்டீரியாவில் இதே குடும்பத்துப் பாயிரம் ஒன்று இருக்கிறது. வடிவம் ஏறக்குறைய இதுவேதான். ஆனால் அங்கே சை நிற்கும் இடத்தில் யு நிற்கிறது. யு சேர்வது அடினைனோடு. ஆகவே அந்தப் பாயிரம் குவானைனை விட்டு அடினைனைப் பிடிக்கிறது. எழுத்தை மாற்றி எழுதினாலும் இதே பயன் கிடைக்கும் என்று சோதனைச்சாலையிலேயே காட்டினார்கள்: நம் மூலத்தில் அந்த ஒரு சை-யை யு ஆக்கினால், குவானைனை உணர்ந்த இழை அடினைனை உணரத் தொடங்கிவிடுகிறது.

பேசில்லஸ் சப்டிலிஸிலேயே அடினைனைப் பிடிக்கும் பாயிரம் ஒன்று உண்டு. அங்கே விளைவு தலைகீழ். மூலக்கூறு வந்து உட்கார்ந்தால் நிறுத்தற்குறி கலைந்து மரபணு இயங்குகிறது. ஆகவே ரைபோஸ்விட்ச் என்றால் அணைக்கும் விசை மட்டுமே என்று மனப்பாடம் செய்துவிட வேண்டாம்.

புரதம் இல்லாமல் ஆகாது என்பாரும் இருந்தனர்

நீண்ட காலம் எல்லோரும் அப்படித்தான் நம்பினார்கள். மரபணுவை அடக்குவதும் எழுப்புவதும் புரதங்களின் வேலை, ஆர்.என்.ஏ. செய்தியைச் சுமந்து செல்வது மட்டும் என்பது கட்சி. பி1, பி2, பி12 வைட்டமின்களைச் செய்யும், கடத்தும் மரபணுக்களின் பாயிரங்களில், பல பாக்டீரியாக்களுக்குப் பொதுவான எழுத்துத் தொடர்கள் 1990-களிலேயே கண்ணில் பட்டிருந்தன. அவற்றைப் பிடிக்கும் புரதத்தைத் தேடினார்கள், கிடைக்கவில்லை. 2002-இல் யேல் பல்கலைக்கழகத்தில் ரொனால்ட் பிரேக்கரின் ஆய்வகம் பி12-ஐயும் பி1-இன் செயல்வடிவத்தையும் ஆர்.என்.ஏ. நேரடியாகவே பிடிக்கிறது என்று காட்டியது. அதே ஆண்டு அமெரிக்க, ரஷ்ய ஆய்வாளர்கள் சேர்ந்து செய்த இன்னோர் ஆய்வும் இதே முடிவுக்கு வந்தது. நாம் படித்த குவானைன் பாயிரம் 2003-இல் செல் இதழில் வந்தது. அந்தக் கட்டுரையின் முதல் ஆசிரியர் மௌமிதா மண்டல். இந்த ஒரு பாக்டீரியாவில் மட்டும் குறைந்தது 68 மரபணுக்கள் ரைபோஸ்விட்சுகளின் ஆட்சியில் இருப்பதாக அந்தக் கட்டுரை கணக்கிட்டது. பிரேக்கரின் ஆய்வகத்திலேயே என். சுதர்சன் முதல் ஆசிரியராக எழுதிய 2003-ஆம் ஆண்டுக் கட்டுரை, பி1-ஐ உணரும் தொடர் நெல்லின் மரபணுவிலும் இருப்பதைக் காட்டியது. நாம் வழிவழியாகச் செய்துவரும் புழுங்கல் அரிசி, நெல்லின் பி1 சோற்றில் அதிகம் போய்விடாமல் காக்கிறது. அந்த நெல்லே தன் பி1-ஐ இப்படி அளந்து பார்க்கிறது என்பது எனக்கு மிகுந்த மகிழ்ச்சி தரும் செய்தி.

சிறு மூலக்கூறு ஆர்.என்.ஏ.வைப் பிடிப்பது மருத்துவத்துக்குப் புதிதல்ல என்பதையும் சொல்லிவிட வேண்டும். சிதம்பரத்தில் பிறந்த வெங்கி ராமகிருஷ்ணன் 2000-ஆம் ஆண்டு, புரதம் கோக்கும் இயந்திரமான ரைபோசோமின் சிறு கூறின் வடிவத்தைக் கண்டார். 2009-இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். காசநோய் மருந்தான ஸ்ட்ரெப்டோமைசின் அந்தக் கூறின் ஆர்.என்.ஏ.வில் எங்கே போய் ஒட்டுகிறது என்பதையும் அவர் குழு காட்டியது. ஆனால் அங்கே மருந்து ஓர் இயந்திரத்தைக் குழப்புகிறது. இங்கே பாக்டீரியா தானே ஒரு குழியைச் செதுக்கி, இந்த மூலக்கூறு வரட்டும் என்று காத்திருக்கிறது. அப்படிக் காத்திருக்கும் இடத்தில் போலியை அனுப்பி ஏமாற்றலாம்.

ஏமாற்றும் போலிகள்

இயற்கை இதை முன்பே செய்திருக்கிறது. ஸ்ட்ரெப்டோமைசிஸ் டாவாவோனென்சிஸ் என்ற மண் பாக்டீரியா ரோசியோஃபிளேவின் என்ற சிவப்புப் பொருளைச் செய்கிறது. பார்வைக்கு ரைபோஃபிளேவின், அதாவது வைட்டமின் பி2-இன் சாயல். மற்ற பாக்டீரியாக்களுக்குள் போனதும் பி2-ஐ உணரும் பாயிரத்தின் குழிக்குள் உட்கார்ந்து, போதுமான பி2 இருக்கிறது என்று பொய் சொல்கிறது. பி2 தயாரிப்பு நின்றுவிடும், பாக்டீரியா வாடிவிடும்.

இங்கே நம் அடுக்களை வருகிறது. இட்லி மாவைப் பொங்கவைக்கும் பாக்டீரியாக்களில் முக்கியமானது லியூகோனாஸ்டாக் மெசென்டிராய்டிஸ் என்பது 1960-களிலேயே எழுதப்பட்ட செய்தி. ரோசியோஃபிளேவினைக் கொடுத்தும் சாகாத பாக்டீரியாவைப் பொறுக்கி எடுத்தால், அது போலியை நம்பாத பாயிரம் உடையதாக இருக்கும். பி2-ஐ நிறுத்தாமல் செய்துகொண்டே இருக்கும். ஐரோப்பிய ஆய்வாளர்கள் பால் புளிக்கும் லாக்டோகாக்கஸ் லாக்டிஸில் இதைச் செய்து, மாற்றம் பாயிரப் பகுதியில் நடந்திருப்பதைக் கண்டார்கள். 2006-இல் இதே வழியில் லியூகோனாஸ்டாக் மெசென்டிராய்டிஸிலும் பி2-ஐ மிகுதியாகச் செய்யும் வகைகளைப் பொறுக்கி எடுத்தார்கள். எந்த மரபணுவையும் வெட்டி ஒட்டவில்லை. இயல்பாக நடந்த ஒரு பாடபேதத்தைத் தேடிப் பிடித்தார்கள், அவ்வளவுதான். ஆடி மாதத்தில் எங்கள் ஊரில் ஊற்றும் கூழும், வீட்டுக்கு வீடு புளிக்கும் மாவும் பி2 நிறைந்ததாக ஆகக்கூடிய வழி இது. பி2 குறைந்தாலும் வாய்ப்புண் வரும். வாய்ப்புண்ணோடு வரும் பிள்ளைகளைப் பார்க்கும்போதெல்லாம் இந்த ஆய்வை நம் உணவு ஆய்வகங்கள் கையில் எடுக்க வேண்டும் என்று நினைத்துக்கொள்வேன்.

மருந்து செய்பவர்களும் இதே கதவைத் தட்டினார்கள். 2015-இல் மெர்க் நிறுவன ஆய்வாளர்கள் ஏறத்தாழ 57,000 செயற்கை மூலக்கூறுகளைச் சலித்து, பி2 கொடுத்தால் மட்டும் விளைவு மறைந்துவிடும் ஒன்றைத் தேர்ந்தார்கள். அதற்கு ரைபோசில் என்று பெயரிட்டார்கள். பி2-இன் சாயல் சிறிதும் இல்லாத உருவம். ஆனாலும் அதே குழிக்குள் கச்சிதமாக உட்கார்ந்தது. அதன் மேம்பட்ட வடிவம் எலிகளில் ஈ. கோலை தொற்றைக் குறைத்தது. மருந்தை எதிர்த்துப் பிழைத்த பாக்டீரியாக்களைப் பார்த்தபோது, அவற்றின் மாற்றங்கள் எல்லாம் அந்தப் பாயிரத்திலேயே இருந்தன. மருந்து சரியான இடத்தில்தான் தைக்கிறது என்பதற்கு அதுவே சான்று. பாக்டீரியா ஓரெழுத்தை மாற்றித் தப்பிவிடக்கூடும் என்பதற்கும் அதுவே சான்று. ரைபோசில் மருந்துக்கடைக்கு வந்துவிடவில்லை. மனித உயிரணுக்களில் இத்தகைய ரைபோஸ்விட்ச் உறுதிப்படவில்லை என்பதால் இந்த வழியைக் கைவிட முடியாது. இன்று உறுதிப்பட்ட வகைகள் 50-ஐத் தாண்டிவிட்டன.

இனி உங்கள் வேலை. நீளமாக ஒரு காகித நாடாவை வெட்டி, மேலே உள்ள 61 எழுத்துகளையும் வரிசையாக எழுதுங்கள். மூன்றாம் அடியை ஐந்தாம் அடியோடும், ஏழாம் அடியை ஒன்பதாம் அடியோடும், முதல் அடியைக் கடைசி அடியோடும் எதிர்த் திசையில் மடித்து ஒட்டுங்கள். நான்காம் அடியின் கு கு-வை எட்டாம் அடியின் சை சை-யோடு நூல் போட்டுக் கட்டுங்கள். நடுவில் ஓர் இடம் மிஞ்சும். என் மாணவி ஒரு துண்டுக் காகிதத்தில் கு என்று எழுதி அங்கே வைத்தாள்.